பூசணி விதை கொட்டும் நேரம்

"நாற்பது நாள்! நாற்பதே நாள்ல வலி என்னை விட்டு ஓடிப்போச்சு. இன்னும் எதுக்கு அந்தக் கலர் கலர் மாத்திரை? தூக்கிக் குப்பையில போடுங்க!"

கேமராவைப் பார்த்து முழங்கிய விதை ஐயா, அடுத்த நொடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"தம்பி, இதோ வந்துடறேன். இதை வெட்டிடு."

கழிப்பறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அரை மணி நேரத்தில் இது நான்காவது தடவை. எடிட்டர் தனக்குள் சிரித்துக்கொண்டான். படம் பிடிப்பதும் அவன்தான், வெட்டி ஒட்டுவதும் அவன்தான்.

ஆண்களுக்கு அடிவயிற்றுக்குக் கீழே வருகிற தீராத வலி, புராஸ்டேட் வீக்கம், நீர்க்கடுப்பு எல்லாவற்றுக்கும் இயற்கை மருந்து சொல்கிறவர் விதை ஐயா. பூசணி விதை எண்ணெய், மகரந்தத் தூள், இன்னும் ஏதேதோ வேர்கள், எல்லாம் அடைத்த கேப்ஸ்யூல். பாட்டிலின் மேல் ஐயாவின் சிரித்த முகம். ஒரு வீடியோ போட்டால் லட்சம் பேர் பார்க்கிறார்கள்.

அந்த லட்சம் பேரும் பார்க்காத ஐயாவை எடிட்டர் ஒருவன்தான் பார்த்திருக்கிறான். நடுவில் ஓட்டை வைத்த ரப்பர் மெத்தையில் உட்கார்ந்து பேசுகிற ஐயா. பேச்சின் பாதியில் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியை இறுக்கிப் பிடிக்கிற ஐயா. அன்றைக்குத் திரும்பி வந்தவர், சட்டைப் பையிலிருந்து டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"இதையும் வெட்டிடு, தம்பி."

"அதுக்குத்தானே ஐயா நான் இருக்கேன்!"

வெட்டிய இடம் பார்க்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது. அதற்கு எடிட்டர் ஒரு வழி வைத்திருந்தான். வெட்டு விழுகிற இடத்திலெல்லாம், ஒரு கிண்ணத்தில் பூசணி விதை மெல்ல மெல்லக் கொட்டுகிற காட்சியைச் சொருகிவிடுவான். கூடவே புல்லாங்குழல். ஆக, திரையில் விதை கொட்டுகிறதென்றால் ஐயா கழிப்பறையில் இருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் காட்சிக்குத்தான் ஜனங்கள் கைகூப்பிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், வீடியோவுக்குக் கீழே வந்திருந்ததையெல்லாம் மனைவிக்குப் படித்துக் காட்டினான்.

"கேளு, 'ஐயா நீங்க மனித தெய்வம்'. இது இன்னொருத்தன், 'முகத்துல என்ன ஒரு தேஜஸ்!' தேஜஸாம் தேஜஸ்! அது நான் கூட்டி வச்ச வெளிச்சம்டி. இவனுங்க எல்லாம் மூளையைக் கழட்டி வச்சுட்டுதான் ஃபோனையே கையில எடுப்பானுங்க போல."

மனைவி சிரிக்கவில்லை.

"பாவம்ங்க. வலியில கிடக்கறவங்க எதையாவது பிடிச்சுக்கத்தான் பார்ப்பாங்க."

"நம்பறவன் முட்டாளா இருந்தா நான் என்ன பண்றது? பேசறது அவரு. நான் வெறுமனே வெட்டறவன். கத்தரிக்கோலுக்கு ஏதுடி பாவ புண்ணியம்?"

அவள் எழுந்து அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் மதியம் அண்ணியிடமிருந்து ஃபோன் வந்தது.

"தம்பி, உங்க அண்ணனை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். உடனே கிளம்பி வாங்க."

அண்ணன் பஸ் டிரைவர். எட்டு வயது மூத்தவன். தம்பிக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தவன். எடிட்டர் போட்டது போட்டபடி ஓடினான்.

வார்டு வாசலில் அண்ணி அழுதுகொண்டு நின்றாள்.

"மூணு வருஷமா வலி, தம்பி. சீட்டுல உட்கார முடியாம உட்கார்ந்துதான் பஸ்ஸை ஓட்டியிருக்காரு. 'அந்த இடத்து வலியைப் போய்த் தம்பிகிட்ட சொல்லுவியா'ன்னு என் வாயை அடைச்சுட்டாரு. போன மாசம் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திட்டாரு. நேத்துலேர்ந்து குளிர் ஜுரம். இன்னைக்குக் காலையில ஒண்ணுக்கும் போக முடியல..."

உள்ளேயிருந்து வந்த டாக்டர் எரிந்து விழுந்தார்.

"கேப்ஸ்யூல் சாப்பிட்டதுக்கு நான் திட்டலை. சிலருக்கு அதுல கொஞ்சம் ஆறுதல் இருக்கலாம். ஆனா என் மருந்தை யாரைக் கேட்டு நிறுத்தினாரு? கிருமி ரத்தம் வரைக்கும் போயிருக்கு. ரெண்டு நாள் போகட்டும், அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும்."

கட்டிலில் அண்ணன் பாதியாகக் கிடந்தான். ஒரு பக்கம் சலைன், இன்னொரு பக்கம் சிறுநீர்க் குழாய். தலைமாட்டு மேசையில் அந்த பாட்டில். அதன் மேல் ஐயா சிரித்துக்கொண்டிருந்தார்.

எடிட்டர் அந்த பாட்டிலைக் கையில் எடுத்தான்.

"உனக்கு அறிவு இருக்காண்ணே? அவ்வளவு நெரிசல்ல பஸ்ஸை ஓட்டத் தெரியுது, ஒரு டுபாக்கூரைக் கண்டுபிடிக்கத் தெரியலையா? அரை மணிக்கு நாலு தடவை பாத்ரூமுக்கு ஓடறவன் அந்தாளு! சட்டைப் பையில டாக்டர் மாத்திரையை வச்சுக்கிட்டுத்தான் ஊருக்கு உபதேசம் பண்றான். அந்த மூஞ்சியைப் பார்த்தாலே தெரியாது? அவனைப் போய் நம்பியிருக்கியே!"

அண்ணன் மெதுவாகக் கண்ணைத் திறந்தான். பேசுவதற்குள் மூச்சு வாங்கியது.

"அவனை எவன்டா நம்பினான்? முதல் வீடியோவுலயே ஃபிராடுன்னு தோணிடுச்சு. மூடிடலாம்னுதான் இருந்தேன். கடைசியில எழுத்து ஓடுச்சு, அதுல உன் பேரு இருந்துச்சு."

வறண்ட உதட்டை நனைத்துக்கொண்டு சொன்னான்.

"என் தம்பி கை பட்டதுல பொய் இருக்காதுன்னுதான்டா மாத்திரையை நிறுத்தினேன்."