கொடுக்காத ரத்தம்

அக்காவுக்கு ரத்தம் தேவைப்பட்டபோது, ஊசிக்குப் பயந்த தம்பி, "போன மாசம்தான் குடுத்தேன் அத்தான், மூணு மாசம் ஆகாம எடுக்க மாட்டாங்க" என்று வாய் கூசாமல் புளுகினான். அத்தான் அதை நம்பி வேறு ஆளைத் தேடி ஓடினார். ரத்தம் கிடைப்பதற்குள் அக்கா போய்விட்டாள்.

இன்று ஆபீஸ் மருத்துவ முகாமில் நர்ஸ் அவன் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஊசி குத்தின இடம் இன்னும் ஆறலையே. என்ன சார், தினமும் ரத்தம் குடுக்குறீங்களா? உடம்புல ரத்தமே இல்ல."

அவன் வாழ்நாளில் ஒரு துளிகூடக் கொடுத்ததில்லை.

மாலையில் அத்தான் வீட்டுக்குப் போய், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தலைகுனிந்து நின்றான். அவர் சுவரிலிருந்த அக்காவின் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, இப்படி வெளுத்துப் போயிருக்க? இங்க வந்து பாரு, உங்க அக்கா கன்னம் நாளுக்கு நாள் செவந்துக்கிட்டே வருது."