லீவில் வாங்கிய கைத்தடி

லீவு முடிந்து பள்ளி திறந்த காலை. தாமதமாக வந்த ஒன்பது பேர் வகுப்பின் முன்னால் கையை நீட்டி நிற்கிறார்கள். ஹெட்மாஸ்டர் கையில் தடியோடு, காலைத் தாங்கித் தாங்கி ஒவ்வொருவர் முன்னாலும் நகர்கிறார். சம்பளமில்லாமல் பாடம் நடத்தக் கடல் கடந்து வந்திருக்கும் டீச்சர், லீவில் மலை பார்க்கப் போன இடத்தில் அவருடைய காலை நினைத்து வாங்கிய கைத்தடி அது. பஸ்ஸும் ரயிலும் மாறி மாறி, மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள். தடி நெடுகச் சின்னச் சின்ன மலைகள் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. காலுக்கு வாங்கியது இப்போது கைகளைப் பதம் பார்க்கிறது. ஜன்னல் வெயிலில் வார்னிஷ் மின்னி மின்னி இறங்குகிறது. பயந்து கையை இழுத்துக்கொண்ட ஒருத்திக்கு அடி முழங்கையில் விழ, எலும்பின் சத்தம் கடைசி பெஞ்சு வரை கேட்கிறது. “போதும் சார், விடுங்க,” என்று டீச்சர் குறுக்கே வருகிறாள். அவர் அவளை மரியாதையாக ஒதுக்கிவிட்டு அடிக்கிறார். “நல்ல சாமான் டீச்சர். பழைய பிரம்பெல்லாம் வாரத்துக்கு ஒண்ணு ஒடியும்.” ஒன்பதும் முடிந்ததும், மூச்சு வாங்க, அதையே ஊன்றிக்கொண்டு வெளியே போகிறார்.

கடைசியாக அடி வாங்கியவள் உள்ளங்கையை விரித்துப் பார்க்கிறாள். மேடே இல்லாத ஊரில் பிறந்தவள். “மலை எப்படி இருக்கும்னு வந்து காட்டுறேன்” என்று டீச்சர் சொல்லிவிட்டுப் போனதை மறக்காதவள். வீங்கிச் சிவந்த கையை நீட்டுகிறாள்.

“இதுதானா டீச்சர்?”