துரைக்குப் போன ரொட்டி

“புலி பாத்தியா, தம்பி?” என்று அப்பாசாமி மாமா கேட்டார்.

இல்லை என்று கருணாகரன் தலையசைத்தான். காலடித் தடம்தான் பார்த்தானாம். ஆற்றங்கரை ஈரமணலில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு.

பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

எல்லோரும் துக்கம் கேட்க வந்தவர்கள். ஒன்பது நாளைக்கு முன்பும் வந்தவர்கள்தான். அன்று குழந்தையின் தகப்பன் கருணாகரன் ஊரில் இல்லை. நேற்று மாலை அவன் வந்துவிட்டான் என்று காஜா பெராங் வட்டாரம் முழுக்கத் தெரிந்ததும், அவன் முகத்தையும் பார்த்துவிட்டுப் போக மறுபடியும் வந்திருந்தார்கள்.

நாலு வயதுக் குழந்தையின் சாவைப் பற்றி இரண்டாவது தடவை பேச யாரிடமும் ஒன்றும் இல்லை.

அதனால் காட்டைப் பற்றிக் கேட்டார்கள்.

குழந்தையின் தாய் பூங்காவனம் கோப்பிப் பானையோடு அடுப்படி வாசலில் நின்றாள். அவர்கள் பேசுவது அடுத்த வீட்டு ரேடியோ போலக் கேட்டது.

கருணாகரன் வேலை பார்த்த வெள்ளைக்காரத் துரை சீமைக்கே திரும்பிப் போகிறார். போவதற்கு முன்னால் பகாங்கின் வடக்குக் காட்டில் ஐந்து வாரம் இருந்துவிட்டு வர ஆசைப்பட்டார். மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்கு மறுநாள், சமையலுக்குக் கருணாகரனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கடைசிநாள்வரை கூட இருந்தால் ஒரு நற்சான்றுக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். அதைக் காட்டினால் எந்தப் பெரிய ஹோட்டலும் வேலை கொடுக்கும்.

கொடுத்தும்விட்டார். கடிதம் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது.

“படுக்கையெல்லாம் எங்க, மரத்து மேலயா?”

பலகை வீடு என்றான் கருணாகரன். ஆற்றைப் பார்த்த வராந்தா. கட்டிலுக்குக் கட்டில் கொசுவலை. சில ராத்திரிகளில் மட்டும், மிருகங்கள் உப்புமண் நக்க வரும் இடத்தில் ஒரு பரண் மேல் படுப்பார்களாம். காட்டுமாடு வந்தது. முன்பாதி கறுப்பும் பின்பாதி வெள்ளையுமாக ஒரு பிராணி வந்தது, யாரோ அதன் மேல் வேட்டியைப் போர்த்திவிட்டது மாதிரி.

யாரோ மெதுவாகச் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக இருமினார்கள்.

யானை வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. இருந்திருந்தால் கமலவேணி கேட்டிருப்பாள். அப்பா யானை பார்க்கப் போயிருக்கிறார் என்றுதான் அவளிடம் சொல்லிவைத்திருந்தது.

காய்ச்சல் டைபாய்டு என்று தெரிந்ததும் ஒன்பதாம் தேதி தந்தி போயிற்று. இருபத்திரண்டாம் தேதி வரைக்கும் குழந்தைக்கு நினைவு இருந்தது. வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டாலும் அப்பா என்றாள். அப்புறம் நாலு நாள் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று அவன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பூங்காவனத்திடம் சொன்னான். தந்தியைக் கொடுத்துவிட்டுப் படகு உடனே இறங்கிப் போய்விட்டது. அதற்குப் பிறகு படகே வரவில்லை. துரை கிளம்பிய அன்றுதான் அடுத்த படகு.

அவள் நம்பினாள். நம்பியதால்தான் அவனுக்குச் சோறு போட முடிந்தது. படகு இல்லை என்றால் யார்தான் என்ன செய்ய முடியும்? இனி இந்த வீட்டில் அவனோடு இருப்பதற்கு அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

“சாப்பாடு?” என்றார் அப்பாசாமி மாமா.

ஆற்றில் பிடித்த கெலா மீனை இஞ்சி போட்டு அவிப்பான். காட்டுக்கோழி. டின் வெண்ணெய். துரைக்கு மீன் தலை ஆகாது, அது தனக்கு என்றான். கேட்கக் கேட்க அவனுக்குப் பேச்சு சுலபமாக வந்துகொண்டிருந்தது.

“வெள்ளைக்காரன் ரொட்டி இல்லாம இருக்கமாட்டானே. அந்தக் காட்டுல ரொட்டிக்கு எங்கடா போன?”

கருணாகரன் கோப்பையை வாயருகே கொண்டுபோனான். குடிக்கவில்லை.

“ஏன், நம்ம கடை எதுக்கு இருக்கு?” என்றார் இப்ராஹீம் பாய். தெருக்கோடியில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர். இவ்வளவு நேரம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தவருக்கு, சொல்ல ஒன்று கிடைத்துவிட்டது.

“துரைக்கு நம்ம ரொட்டிதான் வேணும்னு போறப்பவே சொல்லிட்டாரு. திங்கக்கெழம தகர டின்னுல வச்சு தம்பின் டேசனுக்குப் போற பஸ்ஸுல ஏத்திருவேன். அங்கேருந்து ரயிலு, அப்புறம் படகு. புதன்கெழம அவரு மேசைக்குப் போயிரும்.”

“அப்ப டின்னு போனது போனதுதானா?”

“அது எப்படி? காலி டின்னு அதே படகுல எறங்கி, வெள்ளிக்கெழம கடைக்கு வந்துரும். ஒரு வாரம்கூடத் தவறல.”

அப்பாசாமி மாமா மெச்சிக்கொண்டு தலையாட்டினார்.

கருணாகரன் தான் உட்கார்ந்திருந்த பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த கோரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பூங்காவனம் ஒவ்வொரு கோப்பையாகக் கோப்பி ஊற்றிக்கொண்டு வந்தாள். காலையிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. அதனால் அவள் கேட்டபோது எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“இருபதாம் தேதி வெள்ளிக்கெழமையும் வந்துச்சா, பாய்?”

இப்ராஹீம் பாய் யோசித்தார்.

“வந்துச்சும்மா. மூடி மட்டும் கொஞ்சம் நசுங்கியிருந்துச்சு.”

அவள் சரி என்றாள். கருணாகரனின் கோப்பை இன்னும் நிறையவே இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்தவருக்கு ஊற்றப் போனாள்.