அறுபது நாள் கையெழுத்து

"நீ எதிர்க்கட்சி ஆளா, பத்திரிகைக்காரியா? அதை முதல்ல சொல்லு."

தைத்துக்கொண்டிருந்த தலையணை உறையை மெஷினிலேயே விட்டுவிட்டுக் கேட்டாள் பட்டன் அக்கா. சட்டைக் கம்பெனியில் இருபது வருடம் பட்டன் தைத்ததால் வந்த பெயர். வேலையை விட்டுத் தனியாகத் தையல் கடை போட்ட பிறகும் அந்தப் பெயர் அவளை விடுவதாக இல்லை.

வந்திருந்த இளம்பெண் ஒரு தேர்தல் நோட்டீஸை எடுத்து நீட்டினாள்.

"இவங்க உங்ககூட வேலை பார்த்தவங்கதானே?"

"அட, நம்ம காலர் பொண்ணு! எனக்குப் பக்கத்து மெஷின். காலர் தைச்சா அப்படியே விறைப்பா நிக்கும். தங்கமான மனுஷி. இந்தத் தடவை அவதான் ஜெயிப்பா, பாரு."

"'பன்னிரண்டு வருட வேலையில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர்'னு போட்டிருக்கு. உண்மையா?"

"கம்பெனியே சர்டிபிகேட் கொடுத்திருக்கு. அப்புறம் என்ன?"

"ஆஸ்பத்திரிச் சீட்டு வேற மாதிரி சொல்லுது. குறைமாசத்துல குழந்தை பொறந்து, அறுபது நாள் அங்கேயேதான் இருந்திருக்காங்க. ஆனா கம்பெனி ரிஜிஸ்டர்ல அறுபது நாளும் கையெழுத்து இருக்கு."

பட்டன் அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள், வைத்தாள்.

"அதெல்லாம் பழைய கதை. எனக்கு எங்கே ஞாபகம் இருக்கு?"

இளம்பெண் லேசில் விடுகிற ஆளாகத் தெரியவில்லை. செல்போனில் பழைய ரிஜிஸ்டரின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"இந்த அறுபது நாள் மட்டும் அவங்க கையெழுத்துக்குக் கீழ ரெண்டு கோடு. அதே ரெண்டு கோடு உங்க கையெழுத்துக்குக் கீழயும் இருக்கு."

பாழாய்ப்போன கோடு! இன்னொருத்தி கையெழுத்தை அச்சு அசலாகப் போடத் தெரிந்தவளுக்கு, தன் பழக்கத்தை மட்டும் விடத் தெரியவில்லை.

"கோடு யாரு வேணாலும் போடுவாங்க."

"அப்போ அவங்களே ஆள் வச்சு ஏமாத்தினாங்கன்னு எடுத்துக்கலாமா?"

"வாயைக் கழுவு!" அக்கா எழுந்தே விட்டாள். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் போட்டேன். சேர்ந்தாப்ல ரெண்டு நாள் வரலைன்னா பேரை அடிச்சிருவாங்க. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள்ள கையளவு குழந்தை. அவ அதைப் பார்ப்பாளா, வேலைக்கு வருவாளா? எங்க சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க மாட்டாரு, தைச்ச காலர்க் கட்டைத்தான் எண்ணுவாரு. சாப்பாட்டு நேரத்துலயும் ஷிப்ட் முடிஞ்சும் அவ மெஷின்ல உட்கார்ந்து அவ கட்டை நானே தைச்சு வச்சேன். திரும்பி வந்தவ, யாரு செஞ்சீங்கன்னு எல்லார்கிட்டயும் கேட்டு அழுதா. சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிரும். நான் வாயைத் திறக்கலை. தப்புன்னா என் பேரைப் போடும்மா. அவ வேட்புமனுவைக் கெடுத்துராதே, உனக்குப் புண்ணியமாப் போகும்."

இளம்பெண்ணின் கண்கள் நிறைந்துவிட்டன.

"அந்த நோட்டீஸை அம்மா நேத்தே நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"அம்மாவா?"

"நன்றி சொல்லணும்னு தேடினப்போ, கூட வேலை பார்த்தவங்க ஒருத்தர்கூட ஒத்துக்கலை. அதான் இப்படிக் கேட்டேன், மன்னிச்சிருங்க பெரியம்மா. அந்தக் கண்ணாடிப் பெட்டிக் குழந்தை நான்தான்."

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கதவுக்கு வெளியே அதுவரை நின்றிருந்த காலர் பொண்ணு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, வேட்புமனுவை மெஷின் மேல் விரித்தாள்.

"முன்மொழியறவங்க கையெழுத்து பாக்கி இருக்குக்கா. அறுபது நாள் என் பேர்ல போட்டீங்க, இந்த ஒரு தடவை உங்க பேர்லயே போடுங்க. அந்த ரெண்டு கோட்டையும் மறந்துராதீங்க!"