பவளத்துக்கு எந்த லைட்

எண்பத்திரண்டா, எண்பத்து மூன்றா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அவர்கள் பேசிய பேச்சு மட்டும் காதிலேயே இருக்கிறது.

என் தம்பி கிருபானந்தம் மண்டபம் கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளத்தைக் கடல்நீரோடு கொண்டுவந்து, சித்தூரில் எங்கள் கண்ணாடித் தொட்டியில் வைத்தான். அதற்கு என் வீட்டுக்காரர் ஆர்தர் வெள்ளை டியூப்லைட் போட்டார். தம்பி சனிக்கிழமைதோறும் திருப்பதியிலிருந்து வந்து அதைக் கழற்றிவிட்டு நீல டியூப் மாட்டினான். தண்ணீர் குறைந்தால் ஊற்றுவது என் வேலை.

பவளம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஒரே அறையில் இருந்தும் இருவரும் என் வழியாகத்தான் பேசினார்கள்.

"லோயிஸ், உன் தம்பி மாட்டுறது லைட் இல்ல, இருட்டு. அதனாலதான் சாவுதுன்னு சொல்லு."

"அக்கா, மாமா கல்யாணப் பந்தலுக்கு லைட் போட்டுக்கினு இருக்காரு. கடலுக்குள்ள இன்னா வெளிச்சம்னு அவரையே கேளு."

பவளம் செத்த அன்று மாலை ஆர்தர் சொன்னார்: "இனிமே இவன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது."

"மிதிச்சா செருப்பால அடிங்க" என்று தம்பி பையை எடுத்தான்.

நான் வாய் திறக்கவில்லை.

அன்று காலைதான் ஏழாம் வகுப்பில் பாடம் நடத்தினேன். நீர் மட்டுமே ஆவியாகும், உப்பு தங்கிவிடும் என்று சொல்லி, பாதியில் நின்றுவிட்டேன். கடலாயிற்றே என்று தினமும் உப்புக் கரைத்து அந்தத் தொட்டியில் ஊற்றியவள் நான்தான்.

தம்பி அப்புறம் வரவேயில்லை. ஆர்தர் எண்பத்தெட்டில் இறந்தார். அடக்கத்துக்கும் அவன் வரவில்லை. நான் சயன்ஸ் டீச்சராகவே ரிட்டயர் ஆனேன்.