ஏணியும் கறுப்புப் பட்டியலும்

முதலில் கெடுதல் செய்தது ஸ்டானிஸ்லாஸ்தான். சிங்கப்பூருக்குப் பக்கத்து ஊரான தம்போயில் அவருக்கும் காளியப்பனுக்கும் பக்கத்துப் பக்கத்துப் பட்டறை. இருவருக்கும் பஸ் சீட் தைக்கும் தொழில். பதினோரு வருடத்துக்கு முன் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட காளியப்பனின் அலுமினிய ஏணியை இரவல் வாங்கிப் போனவர், இன்னும் திருப்பித் தரவில்லை.

அதனால், சிங்கப்பூர் பஸ் கம்பெனிக்கு மெயிலில் அனுப்பிய விலைப்பட்டியல் திரும்பி வந்து கிடப்பதை மறுநாள் பார்த்தபோது, காளியப்பனுக்கு வேறு யார் மேலும் சந்தேகம் வரவில்லை.

"நாப்பது பஸ், சாந்தினி! நேத்து அஞ்சு மணியோட கெடு முடிஞ்சிருச்சு. இந்த வேலை இல்லேன்னா பட்டறைய மூட வேண்டியதுதான். அவன்தான் ஏதோ பண்ணிட்டான்!"

மகள் சாந்தினி பட்டறையின் மெயில் முகவரியை ஒரு தளத்தில் போட்டுப் பார்த்தாள். திரையில் சிவப்பு சிவப்பாக வந்தது.

"அப்பா, நம்ம பேரு மூணு கறுப்புப் பட்டியல்ல இருக்கு. தொல்லை மெயில் அனுப்புறவங்களாம். அதான் எல்லா கம்பெனியும் நம்மள வாசல்லயே தடுக்குது."

"பாத்தியா! புகார் குடுத்துட்டான்!"

"இருங்கப்பா... ஐயோ, அலமாக்! போன வாரம் ஒரே மெயில் அறுநூறு பேருக்கு ஏழு தடவை போயிருக்கு. 'ஸ்டானிஸ்லாஸ் ஏணித் திருடன், நம்பாதீங்க'ன்னு. யாருப்பா அனுப்புனது?"

காளியப்பன் மின்விசிறியைப் பார்த்தார்.

"விலைப்பட்டியலையும் அறுநூறு பேருக்கா அனுப்புனீங்க?"

"எல்லாருக்கும் அனுப்புற அந்த ஒரு பட்டன்தானே எனக்குத் தெரியும் லா."

சாந்தினி தலையில் அடித்துக்கொண்டு, சிங்கப்பூர் கம்பெனிக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அங்கே வேலை பார்க்கும் ஜாக்லின் எடுத்தாள்.

"உங்க விலைப்பட்டியல் நேத்து நாலரைக்கே வந்துடுச்சே அங்கிள். வேலையும் உங்களுக்குத்தான்."

காளியப்பன் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கிளாஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"எப்படிம்மா வந்துச்சு?"

"மிஸ்டர் ஸ்டானிஸ்லாஸ் அனுப்பி வச்சாரு. 'காளியப்பன் மெயில் யாருக்கும் போறதில்லன்னு கேள்வி, இதையும் சேர்த்துப் பாருங்க'ன்னாரு. அவரு விலையைவிட உங்களது கம்மி. அது தெரிஞ்சேதான் அனுப்பியிருக்காரு."

சாந்தினிக்குப் புரியவில்லை. "அந்த அறுநூறு பேர்ல அவரும் உண்டு, சரி. எல்லாரும் தடுத்த மெயில் அவருக்கு மட்டும் எப்படிப் போச்சு?"

"நானும் கேட்டேன். எந்தப் பட்டியல்ல இருந்தாலும் காளியப்பன் பேரை மட்டும் தடுக்கக் கூடாதுன்னு கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருக்காராம். அங்கிள் திட்டலேன்னா அவருக்குப் பொழுதே போகாதாம்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டானிஸ்லாஸின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

காளியப்பன் போன் பக்கம் குனிந்தார்.

"ஏம்மா... ஏணியப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"