மேனேஜர் தந்த பரிசு

"இனிமே இந்த அம்மாவுக்கு முழு நேரமும் என் டியூட்டிதான்" என்று எதிர் சீட்டில் இருந்த பல் டாக்டரிடம் சொல்லிவிட்டு, மேனேஜர் தானே சிரித்துக்கொண்டார். பக்கத்தில் அவர் மனைவி சூப்பை ஆற்றிக்கொண்டிருந்தாள். பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து போன மாதம்தான் ஓய்வு பெற்றவள்.

அந்த ஓய்வுக்கு மேனேஜர் கொடுத்த பரிசு இந்தப் பயணம். மலைகளுக்கு நடுவே போகும் சொகுசு ரயில். கண்ணாடிக் கூரை, சுழலும் நாற்காலி, வெள்ளைக் கையுறை போட்ட பணியாளர்கள். இதில் போகலாம் என்று ஆசைப்பட்டவள் அவள். போய்த் தொலைவோம் என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டவர் இவர். டிக்கெட் போடுவது, பெட்டி கட்டுவது மாதிரியான குமாஸ்தா வேலைகளை வழக்கம்போல அவள் தலையில் கட்டிவிட்டார்.

அவர் மேனேஜராக இருந்ததெல்லாம் பழைய கதை. ஆட்டிப் படைக்க ஆபீஸ் இல்லாமல் போனதால் இத்தனை நாளும் வீட்டை ஆட்டிப் படைத்தார். இன்றைக்கு ரயில் அகப்பட்டது.

சூப் அவருக்குப் பாத்திரம் கழுவின தண்ணீராகப் பட்டது. சுழலும் நாற்காலியில் உட்கார்ந்தால் யாரோ முடி வெட்ட வருவார்கள் போல இருக்கிறதாம். பெரிய அருவி ஒன்று வந்து பெட்டியே 'ஆ' என்று எழுந்து நின்றபோது, ஆபீஸ் மொட்டை மாடியில் டேங்க் நிரம்பினாலும் இப்படித்தான் கொட்டும் என்றார்.

மனைவியும் எழுந்து நின்று, கழுத்தை வளைத்துக் கூரை வழியாக மலை உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைப் பிளந்துகொண்டு நின்று மானத்தை வாங்காதே என்று அதட்டி உட்கார வைத்தார்.

உட்கார்ந்தவளிடம், வேலை இல்லாமல் பொழுது போகிறதா என்று பல் டாக்டரின் மனைவி கேட்டாள். பதில் மேனேஜரிடமிருந்து வந்தது. சமையல்காரியை நிறுத்தியாகிவிட்டது, இனி வேளைக்கு வேளை சுடச்சுடச் சாப்பாடு. ஆஸ்பத்திரியில் இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்லிக் கெஞ்சினார்களாம். அந்த போனை இவரே எடுத்து, அவள் வரமாட்டாள் என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

"பிரசவம் பார்க்கிறது என்ன பெரிய வித்தையா? குழந்தை அதுவா வெளிய வரும்; இவங்க பிடிச்சுக்கணும், அவ்வளவுதான்" என்றார். பல் டாக்டரின் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்து வருவது இந்தப் பாதையிலேயே உயரமான ஸ்டேஷன், படம் எடுக்க வண்டி கொஞ்ச நேரம் நிற்கும் என்று பணியாளர் வந்து அறிவித்தார். அவரிடம் மனைவி, பனிக்காலத்தில் இங்கே ரோடு மூடிவிடுமா, அப்போது காய்கறியெல்லாம் எப்படி மேலே வரும் என்று அக்கறையாக விசாரித்தாள். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அதெல்லாம் உனக்கெதுக்கு? நாம என்ன இங்க குடித்தனம் பண்ணவா வந்திருக்கோம்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஸ்டேஷன் வந்ததும் பெட்டி காலியாயிற்று. குளிரில் நின்று கல்லையும் பனியையும் பார்த்துப் பல்லைக் காட்டத் தனக்கென்ன தலையெழுத்து என்று மேனேஜர் மட்டும் அசையவில்லை. மனைவி கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, கைப்பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். நேரத்துக்குப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். வந்து எடுத்துக் கொடு, அதைவிட உனக்கென்ன வேலை என்றார் அவர்.

கண்ணாடி வழியே பார்த்தால், பிளாட்பாரத்தில் யாரோ ஒரு பெண் ஓடி வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். இறங்கின இடத்திலெல்லாம் சிநேகிதம் பிடிக்கும் புத்தி போகாது என்று மேனேஜர் முனகிக்கொண்டார். மெல்லக் கண்ணை மூடினார்.

விசில் சத்தத்தில் விழித்தபோது எல்லோரும் ஏறியிருந்தார்கள். இவள் மட்டும் கீழேயே நின்றாள். கண்ணாடியைத் தட்டினார், கையை ஆட்டினார். அவள் நகரவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சீட்டுகளைப் பற்றியபடி வாசலுக்குப் போனார். குளிர் சுரீரென்று முகத்தில் அறைந்தது.

அவள் காலடியில் அவளுடைய பெரிய பெட்டி நின்றது. சாமான் பெட்டியிலிருந்து எந்த மடையன் இதைத் தவறாக இறக்கினான் என்று மேனேஜர் கத்த ஆரம்பித்தார். பணியாளர் கதவில் கை வைத்தபடி, மூடவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். பெட்டிக்குள்ளிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"வண்டி கிளம்பப் போகுது. ஊர் சிரிக்கிறதுக்குள்ள ஏறு."

அவள் வாசலுக்குக் கீழே வந்து அவரை நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"இந்த ஊர் ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேர்ந்துட்டேங்க. ரிட்டர்ன் டிக்கெட் உங்களுக்கு மட்டும்தான் போட்டேன்."